தமிழ் இலக்கியம் படிக்க விரும்பும் மகள்: பாம்பன் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கும் மகள், செவிலியர் படிப்பும் வேண்டாம், கணினியும் வேண்டாம், தமிழ் இலக்கியம் படித்து ஆசிரியராகவே ஆவேன் என்று உறுதியாக நிற்பது ஒன்று. அந்த எண்ணத்தை விதைத்த தமிழாசிரியை, பாடம் நடத்தாமல் வகுப்பில் வாதம் வைப்பதிலும் கைப்பேசியில் செய்யுள் தேடச் சொல்வதிலுமே காலத்தைக் கழித்துவிட்டாரோ என்ற ஐயம் மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முதலாவதற்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கம்பராமாயணத்தின் கும்பகருணன் வதைப் படலத்தில், வீடணன் போர்க்களத்துக்கே வந்து தன் அண்ணனை இராமன் பக்கம் அழைக்கிறான். தம்பி போனதைத் தவறென்று சொல்லாத கும்பகருணன், இத்தனை காலம் தன்னை வளர்த்த இராவணனுக்காக உயிரைக் கொடுப்பதே தனக்கு முறை என்று சொல்லி மறுத்துவிடுகிறான். இந்த இடத்துக்குப் பொழிப்புரை எழுதிப்போட்டால் மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவார். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். அதற்குப் பதிலாக, வகுப்பில் பாதிப்பேர் அண்ணனுக்காகவும் பாதிப்பேர் தம்பிக்காகவும் வாதாட வேண்டும், எந்தக் கருத்தையும் அதற்குரிய பாட்டைக் காட்டாமல் சொல்லக்கூடாது, பாதி நேரம் கழிந்ததும் கட்சி மாறிப் பேச வேண்டும் என்று ஆசிரியர் விதி வைத்தால், இரு உடன்பிறப்புகளின் பேச்சையும் வரிவரியாகப் படிக்காமல் யாரும் வாய் திறக்க முடியாது. நேற்றுத் தான் எதிர்த்த பக்கத்துக்காக இன்று பேச நேர்வதில்தான் செய்யுளின் நுட்பம் பிடிபடுகிறது.

மேடைப் பட்டிமன்றத்தை நானும் ரசிப்பவன்தான். ஆனால் வகுப்பறைக்கு அது முன்மாதிரியாகாது. மேடையில் கைத்தட்டல் வாங்கும் நகைச்சுவைக்கு மூலப்பாடம் தேவைப்படுவதில்லை, நடுவரின் தீர்ப்போடு விவகாரமும் முடிந்துவிடுகிறது. வகுப்பில் தீர்ப்பைவிட, வாதம் முடிந்தபின் ஒவ்வொரு மாணவரும் எழுதும் ஒரு பக்கமே முக்கியம். தேர்வு மதிப்பெண்ணும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே தங்கள் மகளின் தமிழ்க் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அதில் பாட்டு வரிகளும், அவற்றை வைத்து அவள் எழுதிய வாதமும், எதிர்க்கட்சியின் மறுப்பும் இருந்தால், அந்த ஆசிரியை நேரத்தை வீணாக்கவில்லை என்று நம்பலாம்.

நம் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இடைக்கால இலக்கியம் எட்டாத பொருளும் அன்று. இராமேசுவரத்தைச் சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடியிருக்கிறார்கள். திருப்புல்லாணியைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். மாணிக்கவாசகரின் திருவாசகத்திலுள்ள நீத்தல் விண்ணப்பம் உத்தரகோசமங்கை இறைவனை நோக்கியே அமைந்தது. கடல் வழிவிடவில்லை என்று சினந்து இராமன் அம்பு தொடுக்க, நீர்வாழ் உயிர்கள் வெந்து மடிவதைக் கம்பன் பாடும் இடத்தில், அந்தச் சினம் முறைதானா என்று கேட்டால், கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் பதில் வேறு ஊர் வகுப்புகளில் கிடைக்காது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் உமறுப்புலவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் சீறாப்புராணம் அரபு நாட்டை வயலும் ஆறுமாக, தமிழ் மருத நிலம் போலவே வருணிக்கிறது. அது புலவரின் பிழையா, அல்லது தன் மக்களுக்காகச் செய்த கலையா என்பது ஒரு வாரம் வாதாடத் தக்க தலைப்பு.

கைப்பேசியைப் பொறுத்தவரை தங்கள் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பெரும்பாலான பழைய நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே புரட்டலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2007-இல் தேவாரம் முழுவதையும் மின்வடிவில் வெளியிட்டிருக்கின்றன. நல்ல நூலகம் பக்கத்தில் இல்லாத தீவுப் பிள்ளைக்கு இவை பெரும் உதவி. ஆயினும் தேடுபொறிக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாது: ‘கடல்’ என்று தட்டினால் ‘கடற்கரை’ வராது. இலக்கணம் கற்றவரே அந்தக் கருவியைப் பயன்படுத்த முடியும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ, கம்பன் பாடாத பாட்டையும் கம்பன் பாட்டென்று கூசாமல் எழுதித் தருவதுண்டு. திரையில் கண்டதை அச்சு நூலோடு ஒப்பிட்ட பின்பே வகுப்பில் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு மகளிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் இப்போதே பழக்குங்கள்.

இனி வேலை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் மாநிலத்தின் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. எனவே தமிழாசிரியரின் தேவை அரசுப் பள்ளிகளோடு முடிவதில்லை. இளங்கலைத் தமிழ் மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு, அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், நியமனத்துக்கான போட்டித் தேர்வு என்பது பட்டதாரி ஆசிரியருக்கான பாதை. மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். கல்லூரிப் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். நியமன அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை என்பதையும், காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளி தரும் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளிகளின் நேர்முகத் தேர்வில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போது, உரையை ஒப்பிப்பவரைவிட மாணவரைப் பாட்டோடு வாதாட வைக்கத் தெரிந்தவரே நினைவில் நிற்பார். மகளின் ஆர்வத்துக்கு வேலைச்சந்தையில் மதிப்பு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

குடிமைப் பணித் தேர்விலும் தமிழ் இலக்கியத்தை 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடமாக எடுக்கலாம். மேலே சொன்ன கும்பகருணன் வதைப் படலமும் நீத்தல் விண்ணப்பமும் அந்தப் பாடத்திட்டத்தில் உள்ளவை. அதை இப்போதே இலக்காக்கிப் பிள்ளைமேல் சுமத்த வேண்டாம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பணக் கவலையைத் தாங்கள் வெளிப்படையாக எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில்தான் தேர்வு முடிவும் கல்லூரிச் சேர்க்கையும் வருகின்றன. அதனால் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதைவிட, அரசு கலைக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைத்த கணக்கு ஒன்றை அவள் பெயரில் இப்போதே தொடங்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போகும் நாளில், தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழிப் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது, அதற்குப் பள்ளிக் காலச் சான்றும் தேவை. தொடக்கப் பள்ளி வேறாக இருந்தால் அங்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும்.