மீன்குஞ்சு எப்படி வீடு பிடிக்கிறது? கேள்விகளும் பதில்களும்

நம் மும்பைத் தமிழ்க் குழுவில் பவளத்திட்டு மீன்களைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. நடுக்கடலில் திரியும் குஞ்சுகள் எந்தத் திட்டில் தங்குவது என்று எப்படி முடிவு செய்கின்றன என்பதுதான் பலருக்கும் சந்தேகம். நான் தூத்துக்குடிக்காரி. மன்னார் வளைகுடாவில் மீன்குஞ்சு ஆய்வில் இருந்தவள், இப்போது செம்பூர்வாசி. ஒரே கேள்வியை இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மாட்டுங்கா, கல்லூரி மாணவி: பவளத்திட்டு மீன் அங்கேயே பிறந்து அங்கேயேதானே வளரும்? அதற்கு எதற்கு அக்கா குடியேற்றம்?

அங்கேயே பிறக்கும், ஆனால் வளராது. கோமாளி மீனும் டாம்செல் மீன்களும் பாறையில் முட்டையை ஒட்டிவைத்துக் காவல் காக்கும். களவாவும் சர்ஜன் மீனும் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். எப்படியானாலும் பொரித்த குஞ்சு சில மில்லிமீட்டர்தான், அது திட்டை விட்டுக் கடலுக்குப் போய்விடும். திட்டில் இருந்தால் பிழைக்காது, அங்கே மேலிருந்து கீழ்வரை எல்லாம் வாய்கள். வெளிக்கடலில் மிதவை உயிர்களைத் தின்று வளர்ந்து பிறகு திரும்பும். கோமாளி மீன் குஞ்சுக்கு இந்த வனவாசம் பத்துப் பன்னிரண்டு நாள். டாம்செல்களில் பலவற்றுக்கு மூன்று வாரம் போல. சில சர்ஜன் மீன்களுக்கு இரண்டு மாதத்தைத் தாண்டும்.

முலுண்ட், தணிக்கைத் துறையில் வேலை செய்பவர்: நாள் கணக்கு இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்?

மீனின் காதுக்குள் சின்னச் சுண்ணாம்புக் கல் ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு வளையம் அதில் படிகிறது. 1971இல் ஜியார்ஜியோ பன்னெல்லா என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கண்டு சொன்னார். கல்லை மெல்லிசாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்களை எண்ணலாம். திட்டில் வந்து தங்கிய நாளன்று வளையத்தின் அகலமும் நிறமும் சட்டென்று மாறும். உங்கள் தொழிலில் பேரேட்டைப் புரட்டுவது போலத்தான், ஆனால் இதில் யாரும் திருத்தி எழுத முடியாது.

தாராவி, ஆசிரியர்: 'தேர்ந்தெடுக்கிறது' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. நகம் அளவு இருக்கும் உயிர், நீரோட்டம் தள்ளிய இடத்தில் போய் விழுகிறது. அவ்வளவுதானே?

ரொம்ப நாள் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முதல் சில நாட்களுக்கு நீங்கள் சொல்வது சரியும்கூட. துடுப்பே சரியாக முளைக்காத உயிர் நீரோட்டத்தை எதிர்த்து என்ன செய்யும்? மேலேயும் கீழேயும் இறங்கி ஏறி, வேறு வேறு ஆழத்தில் ஓடும் நீரோட்டத்தில் மாறிக்கொள்வதுதான் அதன் கையில் இருப்பது.

குடியேறும் பருவத்துக்கு வந்த குஞ்சின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் இலோனா ஸ்டோபுட்ஸ்கியும் டேவிட் பெல்வுட்டும் இந்தக் குஞ்சுகளைப் பிடித்து, ஓடும் நீர்த் தொட்டியில் இரை போடாமல், களைத்துப்போகும் வரை நீந்தவிட்டார்கள். 1997இல் வெளியான அந்தக் கணக்கில் சராசரி 40 கிலோமீட்டர். சில வகைகள் 90ஐத் தாண்டின. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு! ஜெஃப் லைஸ் என்பவர் வேறொன்று செய்தார். குஞ்சைக் கடலில் விட்டுவிட்டு, திசைகாட்டியோடு பின்னாலேயே முக்குளித்துப் போனார். அவை சும்மா அலையவில்லை, ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு நேராக நீந்தின.

திசை எப்படித் தெரிகிறது என்றால், பகலில் சூரியன். ஒரு கார்டினல் மீன் வகையின் குஞ்சுகள் இரவில் புவியின் காந்தப்புலத்தை வைத்தும் திசை பிடிக்கின்றன என்று 2016இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'தேர்வு' என்ற சொல்லை நான் விடமாட்டேன் சார். எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யும் தேர்வு அல்ல. எட்டிய தூரத்துக்குள், கிடைத்த அறிகுறிகளை வைத்துச் செய்யும் தேர்வு.

போரிவலி, ஒலிப்பதிவுப் பணியில் இருப்பவர்: குடியேறுவது பெரும்பாலும் இரவில்தான் என்று படித்தேன். கண் தெரியாத இருட்டில் திட்டு இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

உங்களுக்குப் பிடித்த கேள்விதான், ஏனென்றால் பதில் சத்தம்.

பவளத்திட்டு ஓயாமல் இரைச்சல் போடும் இடம். தண்ணீருக்குள் தலையை விட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலக் கேட்கும். அதில் பெரும்பங்கு சொடக்கு இறாலின் வேலை. அந்த இறால் தன் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது. சத்தம் கொடுக்கிலிருந்து வருவதல்ல, குமிழி நொறுங்குவதால் வருவது. அதன்மேல் மீன்களின் உறுமல், முனகல், கிளிமீன் பவளத்தைக் கரம்பும் ஓசை. பொழுது சாயும்போதும் விடியும்போதும் இரைச்சல் கூடும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். வெளிச்சம் எட்டாத தூரத்துக்கு அது எட்டும்.

குஞ்சு இதைக் கேட்டுத்தான் வருகிறதா என்று 2005இல் ஸ்டீவன் சிம்ப்சன் குழு சோதித்தது. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவருகே, செத்த பவளத் துண்டுகளைக் குவித்துச் சின்னச் சின்னத் திட்டுகள் கட்டினார்கள். சிலவற்றில் நீரடி ஸ்பீக்கர் வைத்து இரவு முழுக்கத் திட்டின் இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள், மற்றவற்றை மௌனமாக விட்டார்கள். காலையில் பார்த்தால் சத்தம் இருந்த குவியல்களில்தான் புதுக்குஞ்சுகள் அதிகம், குறிப்பாகக் கார்டினலும் டாம்செலும். கோமாளி மீனோ இன்னும் ஒரு படி மேலே. முட்டைக்குள் இருக்கும்போதே ஒலி கேட்டால் அதன் இதயத்துடிப்பு கூடுகிறது.

அதே போரிவலி நண்பர் மறுபடியும்: அப்படியானால் செத்த திட்டில் ஸ்பீக்கர் வைத்தால் மீன் திரும்ப வந்துவிடுமே!

வரும், வந்ததும் உண்டு. 2017இல் லிசார்டு தீவருகே டிம் கார்டன் குழு அதைச் செய்தது. நாற்பது நாளில், ஒலி இல்லாத குவியல்களைவிட இரண்டு மடங்கு மீன்கள் சேர்ந்தன, வகைகளும் பாதிக்குப் பாதி கூடுதல். செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடித் தீர்த்தன. எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சத்தம் கூப்பிடும், சோறு போடாது. உயிருள்ள பவளத்தையே தின்று வாழும் வண்ணாத்தி மீன் குஞ்சை ஸ்பீக்கர் வைத்து ஏமாற்றி அழைத்துவந்தால் அது என்ன தின்னும்? பவளத்தை மீட்கும் வேலையோடு சேர்த்துச் செய்தால் பயன் உண்டு, தனியாக இல்லை. அந்தக் குழுவும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சயான், வேதியியல் முதுகலை: வாசனை? சால்மன் மீன் ஆற்றை முகர்ந்து திரும்பும் என்கிறார்களே.

இவையும் முகரும். சோதிக்கும் தொட்டி எளிமையானது. ஒரு சின்ன ஓடையில் இரண்டு வகை நீரைக் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, நடுவில் குஞ்சை விடுவார்கள். எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் கார்டினல் மீன் குஞ்சுகள், பக்கத்துத் திட்டு நீரைவிடத் தங்கள் சொந்தத் திட்டு நீரில்தான் நின்றன என்று 2007இல் வெளியானது. கோமாளி மீன் குடியிருப்பது கடற்சாமந்தி (அனிமோன்) என்ற உயிரில். தான் பொரித்த இடத்துக் கடற்சாமந்தியின் வாசனையை அது நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வாசனைத் துறையில் எல்லாக் கட்டுரையையும் அப்படியே நம்பிவிடாதே. கடல் அமிலமானால் குஞ்சுகள் எதிரியின் வாசனையை நோக்கியே போகும் என்று பரபரப்பாக வந்த முடிவுகளை 2020இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தது, அந்த விளைவு கிடைக்கவில்லை. பாழான திட்டின் வாசனையைக் குஞ்சுகள் ஒதுக்கும் என்று 2014இல் 'சயின்ஸ்' இதழில் ஃபிஜி பற்றி வந்த கட்டுரையை 2022இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. நூறு சதவீதம் ஒரே பக்கம் நின்றன என்று எங்கேயாவது படித்தால் கொஞ்சம் நிதானி. உயிருள்ள மீன் அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது.

தாணே, முக்குளிப்பவர்: நம் மகாராஷ்டிரக் கடலில் ஆங்ரியா திட்டு இருக்கிறதே, கரையிலிருந்து அவ்வளவு தொலைவு. அங்கே குஞ்சு எப்படிப் போய்ச் சேர்கிறது?

விஜயதுர்க்கிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர். தீவே கிடையாது, மேடு முழுக்க நீருக்கடியில். அதனால் கரையின் வாசனை இல்லை, அலை உடையும் ஓசையும் இல்லை. திட்டில் வாழும் உயிர்களின் இரைச்சலும் அவற்றின் மேல் ஓடிவரும் நீரும்தான் மிச்சம். இப்படித் தனித்த திட்டுகளில், அங்கேயே பொரித்தவை எத்தனை, வெளியிலிருந்து வந்தவை எத்தனை என்பதுதான் முக்கியமான கேள்வி. அடுத்த பதிலைப் பாருங்கள்.

வாஷி, ஏழாம் வகுப்பு: அம்மா அப்பா இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போகுமா ஆன்ட்டி?

அம்மாவைத் தேடிப் போகாது கண்ணா, அம்மாவை அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஊருக்குத் திரும்புவது உண்டு. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது நல்ல கதை. லிசார்டு தீவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டாம்செல் முட்டைகளை ஒரு மருந்தில் நனைத்தார்கள். அது காதுக்கல்லில் ஒளிரும் அடையாளம் போடும். பிறகு குடியேற வந்த சுமார் 5000 குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்ததில் பதினைந்தில் அடையாளம் இருந்தது. பதினைந்துதானா என்று தோன்றும். அந்தத் தீவின் முட்டைகளில் சிறு பங்கைத்தான் நனைத்திருந்தார்கள். அதைக் கணக்கில் கொண்டால், வந்தவற்றில் 15 முதல் 60 சதவீதம் அதே தீவில் பிறந்தவை. பப்புவா நியூ கினியில் கிம்பே தீவிலும், தாய் மீனுக்கு ஒருவகை பேரியம் ஊசி போட்டு அடையாளமிட்ட 2007 ஆய்வில், கோமாளி மீனிலும் ஒரு வண்ணாத்தி மீனிலும் ஏறக்குறைய 60 சதவீதம் ஊர்க்காரர்கள்தான்.

கோலிவாடா, மீன் வியாபாரம் செய்யும் அக்கா: வந்து சேர்ந்தபிறகு என்ன ஆகும்? பெரிய மீன் சும்மா விடுமா?

விடாது. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில்தான் அதிகம் வரும். விளக்கு வைத்த கண்ணாடிப் பெட்டியைப் பொழுது சாய இறக்கி, விடியலில் தூக்கினால் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் அக்கா. உடம்பு முழுக்க ஊடுருவித் தெரியும். முதுகெலும்பு ஒரு நூல், வயிற்றில் வெள்ளிப் பூச்சு, கறுப்பாகத் தெரிவது இரண்டு கண்கள் மட்டும். வாளியில் விட்டால் முதலில் குஞ்சு இருப்பதே தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். சில வகைகளில் அன்று மாலைக்குள் கோடும் நிறமும் ஏறத் தொடங்கிவிடும். அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுக் கணக்குப்படி, குடியேறிய முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் பாதிக்கும் மேல், சுமார் 56 சதவீதம், காலி.

அதனால் கடைசிச் சில மீட்டர் தேர்வுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட டாம்செல், கிளைவிட்ட பவளத்தில், அதிலும் தன் இனம் ஏற்கெனவே இருக்கும் கொத்தாகப் பார்த்து இறங்கும். அங்கே பிழைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கோமாளி மீன் விஷயத்தில் சாமந்தி கிடைத்தால் மட்டும் போதாது, குடியிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். பெரியது பெண், அடுத்தது ஆண், பிறகு வரிசையாகச் சின்னவை. புதிது கடைசியில் நிற்க வேண்டும். இடமில்லை என்றால் துரத்திவிடுவார்கள். பீட்டர் சேல் என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் இதையெல்லாம் லாட்டரி என்றார், யார் முதலில் காலி இடத்தில் வந்து விழுகிறார்களோ அவர்களுக்கு. நான் முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் அதிர்ஷ்டத்தின் பங்கு சின்னதல்ல.

கிராஃபோர்டு மார்க்கெட்டில் மீன் வாங்கித் தொட்டி வளர்ப்பவர், பாந்தூப்: கோமாளி மீனோடு கடையில் உயிர்ப்பவளமும் கிடைத்தால் வாங்கலாமா?

மீன், வளர்ப்பில் பொரித்ததாக இருந்தால் வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையே அதைக் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறது, கடலில் பிடிக்க அவசியமில்லை. பவளத்தைத் தொடாதீர்கள். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தேரி, இல்லத்தரசி: எல்லாக் குஞ்சும் நேராகப் பவளத்துக்கே போகுமா?

இல்லை. கடற்புல்லிலும் அலையாத்திக் காட்டிலும் இறங்கி வளர்ந்து, பிறகு திட்டுக்கு மாறுபவை உண்டு. கரீபியனில் வானவில் கிளிமீன் என்று ஒன்று, அலையாத்தி வேரடியில்தான் இளமைக்காலம். காட்டை வெட்டிய சில இடங்களில் திட்டு இருந்தும் அந்த மீன் இல்லாமல் போய்விட்டது.

செம்பூர், என் ஊர்க்காரர்: கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போன 2016 வெளிறலில் நம் மன்னார் வளைகுடாவில் நிறையப் பவளம் போய்விட்டது. குஞ்சுகள் திரும்ப வருமா?

அண்ணே, 21 தீவுகளும் ஒரே மாதிரி இல்லை, அதுதான் நம்பிக்கை. ஒரு தீவில் பவளம் செத்தாலும் பக்கத்துத் தீவில் பிழைத்த மீன்கள் முட்டையிடும். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதும் நின்றுவிட்டது. சிக்கல் சத்தத்தில் இருக்கிறது. வெளிறலுக்குப் பின் லிசார்டு தீவில் பதிவு செய்த ஒலி முன்பைவிட மிகவும் அடங்கிப் போயிருந்தது. அந்த அடங்கிய ஒலியைப் போட்டுக் காட்டினால் குஞ்சுகள் வருவதும் குறைந்தது. மீன் குறைந்தால் சத்தம் குறையும், சத்தம் குறைந்தால் மீன் குறையும். அதனால் நன்றாக இருக்கும் தீவைச் சுற்றி வலை போடாமல் விடுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. அடுத்த முறை ஊருக்குப் போனால் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள், நான் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.