அழித்து எழுதியது நீங்கள்தானே!

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பிராஜெக்டுக்காக அலுமினியம், இரும்பு, செம்பு மூன்றிலும் ஒரு கிலோ கட்டியை 50 வாட் ஹீட்டரில் பத்து நிமிடம் சூடாக்கி, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற எத்தனை ஜூல் வெப்பம் வேண்டும் என்ற அளவு) கணக்கிட்டாள். 980, 510, 450 என்று வந்தது. புத்தகத்தில் 900, 450, 385. மாற்றச் சொன்னால் கேட்கவில்லை. அவள் தூங்கியதும் விடைகளை நானே சரிசெய்துவிட்டேன். வரைபடத்தைத் தொடவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இந்தப் பிடிவாதத்தை எப்படிக் குறைப்பது?

பதில்: பிடிவாதம் இருக்கட்டும். ‘நானே சரிசெய்துவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து அவள் நோட்டில் ரப்பர் போட்டிருக்கிறீர்கள். அவள் விழித்திருக்கும்போது செய்யத் துணியாத வேலை அது.

அவள் எண்களில் என்ன தப்பு கண்டீர்கள்? ஹீட்டர் தரும் வெப்பத்தில் ஒரு பகுதி காற்றுக்குப் போய்விடும். கட்டி மெதுவாகச் சூடேறும், அதனால் விடை கூடுதலாக வரும். அவள் கணக்குப்படி பத்து நிமிடத்தில் அலுமினியம் சுமார் 31 டிகிரி ஏறியிருக்கிறது, செம்பு 67 டிகிரி. அதிகம் சூடானது அதிகம் இழக்கும். அதனால்தான் அலுமினியத்தில் 9 சதவீதமாக இருந்த வித்தியாசம் இரும்பில் 13, செம்பில் 17 என்று ஏறுகிறது. காப்பியடித்தவர் நோட்டில் இந்த ஒழுங்கு இருக்காது. நேர்மையாகப் பார்த்து எழுதிய பெண்ணின் உழைப்பு இது. அதைத்தான் அழித்தீர்கள்.

வரைபடத்தில் அந்த 67 டிகிரி அப்படியே இருக்கிறது. ஆசிரியர் அதை வைத்துக் கணக்குப் போட்டால் 450தான் வரும், நோட்டிலோ 385. கேள்வி வந்தால் தலைகுனிந்து நிற்கப்போவது யார்? நீங்களா, அவளா?

பொய் எழுதாதே என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது பெற்றவர்களின் கடமை. உங்கள் வீட்டில் அந்தக் கடமையை மகள் சுமக்கிறாள். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘உன் மார்க்குக்காகத்தான் செய்தேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பழைய எண்களை அவளே எழுதட்டும். நோட்டைக் கொடுத்தாகிவிட்டதென்றால், நீங்களே போய் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம், கட்டியைச் சுற்றித் தடிமனாகப் பஞ்சு கட்டி இன்னொரு முறை செய்து பார்க்க அவள் விரும்பினால், பஞ்சு வாங்கிக் கொடுங்கள். தெர்மாமீட்டரை அவள் பார்க்கட்டும்.