சூடான கோப்பையும் ரெசின் கோஸ்டரும்

கேள்வி: மேடம், வேலை முடிந்து வந்து இரவு நேரத்தில் ரெசின் கோஸ்டர் (கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டு), ட்ரே செய்து விற்கிறேன். ஒரு செட் வாங்கியவர், சூடான கோப்பையை வைத்ததும் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் செய்முறையில் கோளாறா?

பதில்: செய்முறை சரியாகவே இருந்திருக்கலாம். எபாக்சி என்பது, ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்து அச்சில் ஊற்றினால் இறுகும் ரெசின். கைவினைக்கென்று கிடைக்கும் அதன் சாதாரண ரகங்களில் பல, 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். அப்போதுதான் தேநீர் ஊற்றிய கோப்பையின் அடிப்பக்கம் அதைவிடச் சூடாக இருக்கும். பிறகு தடம் விழாமல் என்ன செய்யும்? அடுத்த பாட்டில் வாங்கும்போது, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பாருங்கள். லேபிளில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பில் இருக்கும். கோஸ்டருக்கு வெப்பம் தாங்கும் ரகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று. அச்சிலிருந்து மறுநாள் கழன்று வந்தாலே பொருள் தயார் என்று பலர் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முழுதாக இறுக, ரகத்தைப் பொறுத்து 72 மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். லேபிளில் சொன்ன வெப்பத்தை அதற்குப் பிறகுதான் அது தாங்கும். அதுவரை சமதளத்தில் படுக்க வைத்திருங்கள், இல்லையென்றால் மெல்லிய துண்டுகள் வளைந்துவிடும்.

அந்த வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: எவ்வளவு சூடு தாங்கும், நேர் வெயிலில் வைத்தால் மஞ்சளாகும், எப்படித் துடைக்க வேண்டும் என்று. ட்ரே வாங்குகிறவர்கள் அதில் உணவை நேரடியாக வைக்கலாமா என்று கேட்பார்கள். உணவு படலாம் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருந்தால் ஒழிய, வேண்டாம் என்றே சொல்லுங்கள். சொல்லியிருந்தாலும், நீங்கள் சாயம் கலந்த பிறகு அந்த உறுதி அப்படியே பொருந்தாது. இப்படிச் சொன்னால் விற்பனை குறையுமோ என்று தயங்காதீர்கள். மறுபடி வந்து வாங்குகிறவர் உங்கள் சொல்லை நம்பித்தான் வருகிறார்.

கேள்வி: ஒரே கலவையில் ஊற்றியும் சில இடம் கல்லாக இறுகுகிறது, சில இடம் இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கிறது. ஹார்டனரைக் கூட்டலாமா?

பதில்: கூட்டவே கூடாது. பெரும்பகுதி இறுகியிருக்கிறது என்றால் அளவு சரிதான், கலக்கியதில்தான் குறை. கலக்கும் கப்பின் சுவரையும் அடி ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். அங்கே மெல்லிய படலமாகக் கொஞ்சம் ரெசின் கலக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் கப்பைக் கவிழ்த்து வழிக்கும்போது அதுவும் அச்சில் விழுகிறது. அந்த இடம்தான் பிசுபிசுக்கும். தட்டையான குச்சியால் சுவரையும் அடியையும் வழித்து வழித்து நிதானமாகக் கலக்குங்கள். அப்புறம் இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். பழைய கப்பை வழிக்க வேண்டாம், அந்தச் சொட்டு போனால் போகட்டும். அளவு கன அளவிலா எடையிலா என்பதையும் கவனியுங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் வேறு என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சரிவராது. கெட்டுப்போன துண்டைத் தூக்கிப்போட வேண்டாம். பிசுபிசுப்பைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, மேலே மெல்லிதாக இன்னொரு பூச்சு ஊற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: விலை எப்படி வைப்பது? ரெசின் செலவைப்போல் இரண்டு மடங்கு வைக்கிறேன், கையில் ஒன்றும் நிற்பதில்லை.

பதில்: நிற்காது. கையுறை, கப், உப்புத்தாள், பெட்டி, வீணான துண்டுகள் எல்லாமே செலவுதான். சிலிக்கோன் அச்சும் தேயும். பளபளப்புப் போனால் அதில் வார்க்கிற பொருளும் மங்கும். ஆகவே ஓர் அச்சு எத்தனை துண்டு தருமோ, அதன் விலையை அத்தனையால் வகுத்துச் சேருங்கள். இறுகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டாம். கலக்குவது, குமிழி எடுப்பது, ஓரம் தேய்ப்பது, பொதிவது எல்லாவற்றுக்கும் கூலி போடுங்கள்.

கேள்வி: விரலிடுக்கில் சிவந்து அரிக்கிறது. கிரீம் தடவிக்கொண்டு வேலையைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி, இன்றே நிறுத்துங்கள். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அது ஒருமுறை பிடித்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் விடாது, பிறகு துளி பட்டாலே கிளம்பும். வாசனையே வராத ரெசினுக்கும் இது பொருந்தும். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். ஆல்கஹாலால் துடைத்தால் தோலுக்குள் இன்னும் இறங்கும். பாட்டில் லேபிளை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றால் மட்டும் நைட்ரைல் கையுறை, ரசாயன ஆவிக்கான முகக்கவசம், காற்றோட்டமான அறை என்று எல்லாம் வைத்துக்கொண்டு தொடங்கலாம். தேய்க்கும்போது தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கைவசம் இருக்கும் ஆர்டர்களுக்குத் தாமதமாகும் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.