கொடுப்பனவு கூடினால் தாதியர் நிற்பார்களா?

கேள்வி: உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் என் மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறாள். பயிற்சிக்காலக் கொடுப்பனவைக் கூட்டினால் பிள்ளைகள் வருவார்கள், வந்தவர்களும் நிற்பார்கள் என்பது என் கருத்து. சரிதானே?
– ஒரு தந்தை, கொடிகாமம்

பதில்: வருவார்கள். நிற்பார்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காசு ஆளைக் கூட்டிவரும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. தாதிய மாணவருக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2017இல் நிறுத்தி, கடன் எடுத்துப் படியுங்கள் என்றார்கள். விண்ணப்பங்கள் சரிந்தன. 2020 செப்டெம்பரில், திருப்பிக் கட்டத் தேவையில்லாத கொடையாக ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நம் அரச தாதியர் கல்லூரிகளிலோ, யாழ்ப்பாணத்தில் உள்ளது உட்பட, 3 வருடப் பயிற்சிக்கும் மாதாமாதம் கொடுப்பனவு உண்டு. அது போதுமா என்பது வேறு கதை. ஆனால் ஆள் கழன்றுபோவது நியமனம் கிடைத்த பிறகு. 2022 நெருக்கடியில் அரசாங்கமே அரச ஊழியருக்கு 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை தந்து, வெளிநாடு போய் உழையுங்கள் என்றது. டொலர் இல்லாத நேரம், குறை சொல்லவில்லை. ஆனால் வழியனுப்பி வைத்துவிட்டு, 'விடுதியில் தாதியர் இல்லை' என்று யாரிடம் முறையிடுவது?

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கொஞ்சம் புத்தியாகச் செய்தது. 2023, 2024இல் தாதியர் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு 16,500 டொலர். படிக்கும்போது 9,000. மிச்சம் 7,500, அந்த மாநில அரச சுகாதார சேவையில் 2 வருடம் வேலை செய்தால்தான்.

இங்கும் கூட்டுகிற காசை அப்படிப் பின்னுக்கு வைக்கலாம், இடத்தையும் பார்த்துக் கொடுக்கலாம். நெடுந்தீவில் கடமை என்றால் குறிகட்டுவானில் படகுக்கு நிற்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. மாற வேண்டியவர் இக்கரையில், இரவு முழுக்க நின்றவர் அக்கரையில். அதே தரத்தில் யாழ் போதனா வைத்தியசாலையில் இருப்பவருக்கும் இவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். தீவிலும் முல்லைத்தீவின் உள்ளூர்களிலும் ஒரு வருடம் முடிக்கிறவர் கையில் அந்த வருடமே ஒரு தொகையும், ஒழுங்காகப் பூட்டக்கூடிய கதவுள்ள தங்குமிடமும் கொடுத்துப் பார்க்கட்டும். கட்டாய சேவை ஒப்பந்தத்தைக் காட்டி வெருட்டினால், ஆள் நாள் எண்ணிக்கொண்டுதான் வேலை செய்யும்.

அதுசரி, உங்கள் மகள் காசுக்காகத்தான் தயங்குகிறாளா? கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, அவளுடையதைக் காணவில்லை.