வானத்தில் புரியாத வெளிச்சங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மாலை ஏழு மணி வாக்கில் மேற்கிலிருந்து வரிசையாகப் பத்துப் பதினைந்து வெளிச்சங்கள் சத்தமில்லாமல் வந்தன. தலைக்கு மேலே தாண்டிக் கிழக்கே போனதும், ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. மேகமே இல்லை. என்ன அவை?
*பாலக்கோடு வாசகர்*

'ஒரே இடத்தில் அணைந்தன' என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. அவை ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதல் தொகுப்பாக 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் போயின. ஒவ்வொரு தொகுப்பும் ஏவிய சில நாட்களுக்கு இப்படி ஒட்டி ஒட்டி ஓடும். உயரம் கூடக்கூட இடைவெளி விழுந்து வரிசை கலைந்துவிடும்.

அவற்றில் விளக்கு எதுவும் கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் பல நூறு கி.மீ. உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அது பட்டுத்தான் பளிச்சிடுகின்றன. மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழும்பி வரும். அதன் விளிம்புக்குள் நுழைந்ததும் மறைந்துபோகும். விடியற்காலையில் இதே கூத்து தலைகீழ்: மேற்கே வெறும் வானத்தில் திடுமென முளைக்கும். நம் ஊரில் நள்ளிரவில் இவை தெரியாது. ஆகவே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஒற்றையாக, மிகப் பிரகாசமாக, சிமிட்டாமல் ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையம்.

மார்கழி இரவில் தென்கிழக்கே தாழ்வாக ஒன்று சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறது. அப்படி இப்படி அசைகிறது. யாராவது ட்ரோன் விடுகிறார்களா?
*ஊத்தங்கரை வாசகி*

அது சிரியஸ், இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரம். தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வெப்பமும் குளிருமாகக் கலங்கிய காற்று ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் வளைப்பதால் நிறம் மாறி மாறித் தெறிக்கிறது. பதினோரு மணிக்கு மேல் உயரே ஏறியதும் பாருங்கள், வெள்ளையாக அடங்கியிருக்கும். ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்களைக் கோடாகக் கீழே நீட்டினால் நேராக இதில் போய் நிற்கும்.

அசைவது நட்சத்திரமல்ல, நம் கண். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகத் தோன்றும். தலையைச் சுவரில் சாய்த்து, ஜன்னல் கம்பியின் ஓரத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். நட்சத்திரமென்றால் பத்து நிமிடத்தில், நீட்டிய கையின் ஒன்றரை விரல் அகலம்தான் நகரும், அதுவும் மேற்கு நோக்கி. சாதாரண ட்ரோன் முக்கால் மணிக்குள் பேட்டரி தீர்ந்து இறங்கியாக வேண்டும்.

செல்போனில் பெரிதாக்கி எடுத்தால் ஒளித்தட்டு போல விழுகிறதே?
*தேன்கனிக்கோட்டை வாசகர்*

ஃபோகஸ் பிசகினால் எந்தப் புள்ளியும் தட்டாகத்தான் விழும். ஜூமைத் தொடாதீர்கள். ப்ரோ மோடில் (கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் முறை) ஃபோகஸை முடிவிலிக்கும் (∞), ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 800க்கும், ஷட்டரை (ஒளி விழும் நேரம்) 10 விநாடிக்கும் வையுங்கள். கை பட்டால் கலங்கும். போனைச் சுவரில் சாய்த்து 3 விநாடி டைமர் போடுங்கள். தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ படத்தில் விழட்டும், திசை சொல்ல உதவும். நட்சத்திரம் புள்ளியாக விழும். செயற்கைக்கோள் அறுபடாத கோடு. விமானமென்றால் கோட்டின்மேல் சிமிட்டும் விளக்கு புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். பெங்களூருக்கு இறங்கும் விமானம் நம்மை நோக்கி நேராக வந்தால், முன்விளக்கு சில நிமிடம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். சற்றுப் பொறுங்கள், திரும்பியதும் சிவப்போ பச்சையோ தென்படும்.

பங்குனியில் வத்தல்மலைப் பக்கம் வானத்தில் செந்நிறக் கோடு தொங்குகிறது.
*தர்மபுரி வாசகி*

இருட்டில் மலை மறைந்துவிடுவதால் அதன்மேல் உள்ளதெல்லாம் வானத்தில் இருப்பதாகவே படும். ஒன்றிரண்டு வெள்ளை ஒளிகள் தோன்றித் தோன்றி மறைந்தால் கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டிகள். கோடு செந்நிறமாக இருந்து, கால் மணி நேரத்தில் மேல்நோக்கி ஊர்ந்தால் காய்ந்த புல்லில் பிடித்த காட்டுத் தீ. வேடிக்கை பார்க்க வேண்டாம். உடனே 101க்கு அழைத்து, எந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் தெரிகிறது என்று சொல்லுங்கள்.