தோட்டாவில் சாம்பல், குழியில் துப்பாக்கி: அப்பாவின் கடைசி விருப்பத்துக்கு வழி உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. கிராமத்தில் இருக்கிறார். வாரம் தவறாமல் கூட்டாளிகளோடு போய்ப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டு வருவார். உரிமம் பெற்ற 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள் இரண்டும், தாத்தா காலத்து, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றும் அவரிடம் உள்ளன. போன வருடம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். "என்னை எரித்துவிடுங்கள். சாம்பலில் கொஞ்சத்தைத் தோட்டாவில் அடைத்து என் கூட்டாளிகள் சுடட்டும். மிச்சத்தை என் இரட்டைக்குழலோடு சேர்த்துப் புதைத்துவிடுங்கள்" என்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை. இது நடக்கிற காரியமா? நான் இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: தோட்டா விஷயம் நடக்கும். துப்பாக்கியைப் புதைப்பது அவர் சொன்னபடியே நடப்பது கடினம். ஆனால் அதற்கு மிக நெருக்கமான ஒரு வழி இருக்கிறது. இந்த ஆசை அவருக்கு மட்டும் வந்ததும் அல்ல. 2004இல் ஸ்காட்லாந்தில், பழைய துப்பாக்கிகளில் தேர்ந்த ஒருவரின் சாம்பலை அவருடைய மனைவி 275 தோட்டாக்களில் அடைக்கச் செய்து, நண்பர்களை அழைத்துச் சுட வைத்தார். எழுத்தாளர் ஹன்டர் எஸ். தாம்சனின் சாம்பல் 2005 ஆகஸ்டில் கொலராடோவில் அவருடைய பண்ணையிலேயே பீரங்கியிலிருந்து வானத்தில் செலுத்தப்பட்டது. எனவே தயங்காமல் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பல விவரங்களை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் அளவு. தகனத்துக்குப் பிறகு கிடைப்பது ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ. சாம்பல் என்கிறோமே தவிர, அது அரைத்த எலும்பு. பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே செய்பவர்கள் ஏறக்குறைய 450 கிராமில் 250 தோட்டாக்கள் அடைக்கிறார்கள். அதாவது ஒன்றுக்கு 2 கிராமுக்கும் குறைவு. நீங்கள் தோட்டாவுக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு சுற்றுக்கு 25 தட்டு, 25 தோட்டா. கூட்டாளிகள் நான்கு பேர் ஆளுக்கு ஒரு சுற்று சுட்டாலும் செலவாவது 100 கிராம்தான். மிச்சம் முழுவதும் உங்களிடமே இருக்கும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தோட்டாவிலுள்ள ரவையை, அதாவது சிறு ஈயக் குண்டுகளை, எடுத்துவிட்டு அந்த இடம் முழுவதையும் சாம்பலால் நிரப்பலாம் என்று நினைப்பார்கள். கூடவே கூடாது. 28 கிராம் ஈய ரவை பிடிக்கும் இடத்தில் சாம்பல் சில கிராம்தான் பிடிக்கும். தோட்டாவில் உள்ள வெடிமருந்து ஒழுங்காக எரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் தக்க எடை இருந்து தடுக்க வேண்டும். எடை இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது, மருந்து பாதி எரிந்து பாதி கிடக்கும், ரவையைத் தாங்கும் தக்கை குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். சத்தம் 'பொத்'தென்று கேட்டதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். பிடித்திருக்கும் இடது கை அந்த இடத்தில்தான் இருக்கும்.

நேர்மாறான தவறும் உண்டு. 28 கிராம் ரவையைக் குறைக்காமல், அதன் இடுக்குகளில் சாம்பலைக் குலுக்கி இறக்குவது. ரவைகளுக்கு நடுவே தூள் நிறைந்தால் அந்தத் திரள் இறுகி, குழலின் அழுத்தம் கூடும். ஆகவே 28 கிராம் ரவைக்கு என்று அச்சிடப்பட்ட தோட்டா அடைக்கும் செய்முறையை எடுத்துக்கொண்டு, மருந்து, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), தக்கை எதையும் மாற்றாமல், ரவையை மட்டும் 24 கிராமாகக் குறைத்து 1 கிராம் சாம்பல் சேர்ப்பது பாதுகாப்பான பக்கம் நிற்கும் வழி. மொத்த எடை செய்முறையைத் தாண்டாது, தோட்டாவின் வாயை மடித்து மூடவும் இடம் சரியாக இருக்கும். தோட்டா அடைத்துப் பழகியவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். உங்கள் பகுதியில் வீட்டில் தோட்டா அடைக்க அனுமதி இல்லையென்றால், அனுமதி உள்ள தயாரிப்பாளரிடம் ஒப்படைப்பதே ஒரே வழி.

அடைப்பவருக்கான குறிப்புகள் இவை. சாம்பலை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். நிற்கும் குருணையைத் திரும்ப இடிக்க வேண்டாம், புதைக்கும் பங்கோடு சேர்த்துவிடுங்கள். முகக்கவசம் அவசியம். சாம்பலில் உப்பு இருப்பதால் ஈரத்தை இழுக்கும். கட்டி தட்டியிருந்தால் அகலமான தட்டில் பரப்பி, இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். தக்கையின் கிண்ணத்தில் பாதி ரவை, அதன்மேல் சாம்பல், அதன்மேல் மீதி ரவை. சாம்பல் மேலே இருந்தால் மடிப்பின் நடுவிலுள்ள சிறு துளை வழியாகச் சட்டைப்பையில் கொட்டும். அந்தத் துளையின்மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டால் போதும். ஒவ்வொரு சாம்பல் பங்கையும் தராசில் நிறுத்தே போட வேண்டும். கரண்டி அளவு ஏமாற்றிவிடும்.

சாம்பலில் கை வைக்கும் முன் ஒத்திகை பாருங்கள். தோட்டத்துக்குப் போடும் எலும்புத்தூளை அதே சல்லடையில் சலித்து, அதே எடையில் ஐந்து தோட்டா அடைத்துச் சுட்டுப் பாருங்கள். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தக்கை வெளியே வந்து விழுந்ததா, சத்தம் வழக்கம்போல் இருந்ததா, குழலில் எரியாத மருந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தும் சரியாக வந்த பிறகே உண்மையானவை. அந்தத் தோட்டாக்களின் பக்கவாட்டில் பெயரும் தேதியும் எழுதித் தனிப் பெட்டியில் வையுங்கள். சட்டத்தின் பார்வையில் அவையும் தோட்டாக்கள்தான். பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும், தபாலில் போகக் கூடாது. வருடக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டாம், உள்ளே ஈரம் ஏறும்.

சுடுகிற நாளில் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு தூரம் ரவை விழும் என்பது அதன் விட்டத்தைப் பொறுத்தது (எண் குறைந்தால் ரவை பெரிது): ஏழரை எண் ரவை ஏறக்குறைய 190 மீட்டர், 6ஆம் எண் 220 மீட்டர் வரை போகும். காற்றையும் சேர்த்து, முன்னால் 300 மீட்டர் ஆளும் மாடும் இல்லாத வெளி வேண்டும். அப்பா வழக்கமாகச் சுடும் தட்டு மைதானமே இதற்கு ஏற்றது. புதைகுழியின் பக்கத்தில், அழுதுகொண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவில் வேண்டாம். அன்று யாருடைய கையும் நிதானமாக இருக்காது. காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் சாம்பல் முகத்துக்கே திரும்பும். அன்று மாலையே குழலைத் துடைத்துவிட வேண்டும். சாம்பலின் உப்பும் காரமும் ஒரே இரவில் துருவைத் தொடங்கிவைக்கும். வெறும் எண்ணெய் அதைக் கரைக்காது. சுடுநீரில் நனைத்த துணியை முதலில் ஓட்டி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் விடுங்கள்.

இனி இரட்டைக்குழல். உரிமத்தில் எண் ஏறிய துப்பாக்கி அது. சொல்லாமல் புதைத்தால் காவல்துறைக் கணக்கில் காணாமல்போன துப்பாக்கியாகும்; பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். குழியில் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் தோண்டுபவர்களும் வரலாம். சட்டப்படி செயலிழக்கச் செய்து சான்றிதழ் வாங்கிப் புதைப்பது ஒரு வழி. ஆனால் குழலை அறுத்து, பூட்டை (சுடும் பொறியை) பற்றவைத்து அடைத்த பிறகு கிடைப்பது அப்பா நேசித்த துப்பாக்கியாக இருக்காது.

எங்கள் யோசனை வேறு. தோளில் பதியும் பின்கட்டையையும் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையையும் மட்டும் கழற்றிப் புதையுங்கள். அவர் கன்னம் பதிந்ததும் கைவியர்வை ஊறியதும் அந்த மரத்தில்தான். குழல், பூட்டு, விசை ஆகியவைதான் பெரும்பாலான சட்டங்களில் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. வெறும் மரம் பொதுவாக வராது. இருந்தாலும் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரும்புப் பகுதிகளுக்குப் புதுக் கட்டை போட்டால், உரிமம் பெறத் தகுதியுள்ள பேரனோ பேத்தியோ தொடர்ந்து சுடலாம். குழியில் சாம்பலைக் கட்டையின்மேல் குவியலாகக் கொட்ட வேண்டாம். காரமும் உப்பும் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே வளரும் செடியின் வேர் கருகும். மண்ணோடு கலந்து பரப்புங்கள். இயற்கை முறைப் புதைநிலங்களில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கூடாது என்பார்கள், அதனால் கட்டையின் அடியிலுள்ள ரப்பர் தகட்டையும் திருகுகளையும் கழற்றிவிடுங்கள். இன்னொரு துப்பாக்கியில் பின்கட்டைக்குள் திருகாணிக்கான துளை இருந்தால், சாம்பல் நிரப்பிய சிறு குப்பி ஒன்றை அதில் வைத்து மூடலாம். பத்து கிராம் கூடினால் சமநிலை மாறாது.

தகனத்துக்கு முன் மூன்று சோதனைகள். பேஸ்மேக்கரை அகற்றியாக வேண்டும். அதன் லித்தியம் மின்கலம் உலைச் சூட்டில் வெடிக்கும். காதுக்கருவியையும் எடுத்துவிடுங்கள். கூட்டாளிகள் யாராவது பாசத்தில் பெட்டிக்குள் தோட்டா நழுவவிட்டிருக்கிறார்களா என்று சட்டை, கோட்டுப் பைகள் வரை பாருங்கள். தோட்டா மருந்து 200 டிகிரிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். உலையின் சூடு அதைவிடப் பல மடங்கு அதிகம். உலையின் கதவுத்துளையில் கண் வைப்பவருக்குத்தான் ஆபத்து. பெட்டியில் வைக்க ஆசைப்பட்டால் சுட்டு முடிந்த காலித் தோட்டாக்கூடு போதும், அதையும் தகனமேடைப் பணியாளரிடம் சொல்லிவிட்டு.

இவை எல்லாவற்றையும் உயிலில் மட்டும் எழுதி வைத்தால் பயன் இல்லை. உயிலைப் பல வீடுகளில் காரியம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். தனிக் கடிதமாக அப்பாவின் கையெழுத்தில் வாங்குங்கள்: எத்தனை தோட்டா, யார் அடைப்பது, யார் சுடுவது, எங்கே புதைப்பது. கூடவே ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண், போர், உரிமத்தின் நகல். வீட்டில் மிச்சமுள்ள தோட்டா, மருந்து, பிரைமர் எங்கே இருக்கின்றன என்பதும் வேண்டும். கடிதத்தைத் துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள்; அந்தச் சாவிதான் அன்று கிடைக்காது. மரணத்துக்குப் பிறகு துப்பாக்கிகளை நீங்களாக யாரிடமும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் சொல்லும் முறைப்படி அங்கேயோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பதுதான் வழக்கம்.

இன்றைய வாழ்க்கைக்குச் சில. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும். வலது தோளில் கட்டை பதிப்பவருக்குச் சிக்கல் குறைவு. கருவி இருக்கும் பக்கமே பதிப்பவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது, மின்கம்பி சேதமாகலாம். 28 கிராமிலிருந்து 21 அல்லது 24 கிராம் தோட்டாவுக்கு மாறினால் உதைப்பு கண்கூடாகக் குறையும். காதுக்கருவி காதைக் காக்காது. அதைக் கழற்றிவிட்டுக் காதுமூடி போட வேண்டும். மறதி தொடங்கினாலோ, மனம் சோர்ந்து ஆட்களை விட்டு ஒதுங்கினாலோ, துப்பாக்கிகளை வேறிடத்தில் வைக்கப் பேசுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாகத் தாத்தாவின் துப்பாக்கி. இதை இந்த வாரமே பாருங்கள். இந்த வகைத் துப்பாக்கிகள் பல வருடம் கெட்டித்த மருந்தோடே சுவரில் தொங்கியிருக்கும், யாருக்கும் தெரியாது. கரிமருந்து (இந்தத் துப்பாக்கிகளுக்கான பழைய வகைக் கறுப்பு வெடிமருந்து) உலர்ந்திருந்தால் எத்தனை வருடமானாலும் வெடிக்கும். குழலின் பின்முனையிலுள்ள காம்பில் கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) இருந்தால் எதையும் தொடாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால், குழல்வாய்க்கு நேராக முகமோ கையோ வராமல் பக்கத்தில் நின்று, மெல்லிய மரக்கோலை உள்ளே அடிவரை விட்டு, வாயோரம் பென்சிலால் குறியிடுங்கள். கோலை வெளியே எடுத்து, குறியைக் குழல்வாயோடு சேர்த்துக் குழலின் மேலே வைத்துப் பாருங்கள். கோலின் முனை காம்பு இருக்கும் இடம்வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரல்கட்டை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன. நீங்களாகக் கிண்டி எடுக்க வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரை வீட்டுக்கே வரவழையுங்கள்.