அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயரால் நாம் அழைக்கலாமா?

தம்பி, அமெரிக்காவின் கிழக்கு டென்னசி மலைப்பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், உடன் வேலை செய்பவர்கள் தங்களையே ‘ரெட்நெக்’ (சிவந்த கழுத்துக்காரன்), ‘ஹில்பில்லி’ (மலைப் பட்டிக்காட்டான்) என்று சொல்லிச் சிரித்துக்கொள்வதாகவும், நாமும் அப்படி அழைத்துப் பழகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் பேச்சு பாதிதான் புரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே நாக்ஸ்வில் நகருக்கு அருகில் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சொற்களை நீங்கள் வாயில் எடுக்கவே வேண்டாம்.

வந்த புதிதில் அந்தத் தவற்றை நான் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்மை ஹில்பில்லி என்று பலமுறை சொல்லிக் கேட்டிருந்ததால், ஒரு நாள் அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது நானும் அவரை அப்படியே அழைத்துவிட்டேன். அவர் கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, “டெட்ராய்ட்டில் வேலை பார்த்த என் அப்பாவை அங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள்” என்று மட்டும் சொன்னார். பிழைப்புக்காக இந்த அப்பலாச்சிய மலைகளை விட்டு டெட்ராய்ட் போன்ற வடக்குத் தொழில் நகரங்களுக்குப் போன இலட்சக்கணக்கானோர் கேட்ட வசைச்சொல் அது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ரெட்நெக் என்பதும் அப்படித்தான். வெயிலில் குனிந்து உழைத்துப் பிடரி சிவந்த உழவரை இழிவாகச் சுட்டிய சொல் அது. ஆனால் 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் தொழிற்சங்க உரிமைக்காகத் திரண்ட சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்ததால், அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இடத்துக்கு இடமும் பொருள் மாறும். இந்தியானா மாநிலத்தார் ‘ஹூசியர்’ என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்வார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில் அதே சொல் பண்பில்லாதவர் என்னும் வசை.

பேச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இங்கே னகர, மகர ஒலிகளுக்கு முன்னால் எகரம் இகரமாகிவிடும். அதனால் ‘பென்’னும் ‘பின்’னும் ஒரே மாதிரி ஒலிக்கும். பேனா கேட்ட ஒருவரிடம் நான் குண்டூசிப் பெட்டியை நீட்டியபோது, அவர் பொறுமையாக ‘இங்க் பென்’ என்று விளக்கினார். குழப்பம் வராமலிருக்கப் பலரும் அப்படியே சொல்வதுண்டு. நாம் இலையை ‘எலை’ என்பதில்லையா, அதைப் போன்ற இயல்பான ஒலிமாற்றம்தான் இதுவும், படிப்பறிவின்மை அன்று. ‘ஹாலர்’ என்றால் மலைகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளத்தாக்கு. ‘ஃபிக்சின் டு’ என்றால் இதோ செய்யப்போகிறேன் என்று பொருள். பலரைச் சேர்த்து அழைக்கும் ‘யால்’ என்பதை நீங்களும் தாராளமாகச் சொல்லலாம்.

மூத்தவர்களை ‘சார்’, ‘மேம்’ என்றோ, நன்கு பழகிய பிறகு முதற்பெயருக்கு முன் ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ சேர்த்தோ அழையுங்கள். நம் ஊரில் பெயரோடு அண்ணன், அக்கா சேர்ப்பதைப் போன்ற வழக்கம் அது. அந்தப் பெரியவரை நான் இன்றுவரை அப்படித்தான் அழைக்கிறேன்.